வாண்டூருக்கு ஒரு வழி

பிப்ரவரி 9

வாண்டு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மைத் தாளில் எப்படி எழுதுவீர்கள் என்று பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் போன் வீட்டு இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது. அந்த லைனில் யாரோ இருக்கிறார்களாம். அதனால் தாளும் பேனாவும்.

போன வாரம் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. "உங்கள் இணைப்பில் வெளியிலிருந்து நுழையக்கூடிய போர்ட் ஒன்று திறந்துள்ளது, கவனிக்கவும்" என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிட்டேன், ஒரு டெக்னீஷியன் வந்தார். தன் ஆபீசிலிருந்து நம் வீட்டை ஸ்கேன் பண்ணச் சொல்லிவிட்டு, அதன் முடிவை நம் ஹால் கம்ப்யூட்டரில் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல வேற யாரு மேடம் இருக்காங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப இது யாரு? ஒரு போர்ட் தொறந்து கெடக்கு. வெளிய இருந்து யாரோ வந்துட்டுப் போறாங்க. மூடிடட்டுமா?"

மூடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "இதை வெச்சவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். "அவர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். "வருவாரு" என்றேன். அவருக்கு அது போதும் போலிருந்தது, போய்விட்டார்.

அன்றிலிருந்து வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும், வீட்டில் இப்போது யாரோ நடமாடுகிறார்கள் என்ற நினைப்பு. இதெல்லாம் உங்கள் வேலை. சுவரில் விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியை மாட்டி, "இது ஃபயர்வால், இது இருக்கிறவரைக்கும் கவலை இல்ல" என்று சொன்னவர் நீங்கள். பெட்டி இருக்கிறது. கவலையும் இருக்கிறது. நீங்கள்தான் இல்லை.

ஸ்கேன் முடிவை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். புரியும்படி எழுதுங்கள்.

வாண்டு அம்மா


பிப்ரவரி 15

வாண்டு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பயப்பட வேண்டாம். முதலில் நீ அனுப்பிய தாளை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

நம் வீட்டு இணைப்புக்கு வெளியுலகில் ஒரு முகவரி உண்டு. அந்த ஒரே முகவரிக்கு ஆயிரக்கணக்கான கதவுகள். அந்தக் கதவுகளுக்குத்தான் போர்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஸ்கேன் என்பது வெளியே நின்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்வது. மூன்று விதமாகத்தான் பதில் வரும்.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தால், அது திறந்த போர்ட். உள்ளே ஏதோ ஒரு நிரல் காத்திருக்கிறது என்று பொருள். "இங்க ஒண்ணும் இல்ல, போ" என்று பதில் வந்தால், மூடிய போர்ட். ஆபத்து இல்லை, ஆனால் வீட்டில் ஆள் இருப்பது தட்டியவனுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, எந்தப் பதிலுமே வராதது. தட்டலை ஃபயர்வால் வாங்கிக் கீழே போட்டுவிடுகிறது. தட்டியவனுக்குக் கதவு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்றே தெரியாது.

உன் தாளில் கிட்டத்தட்ட எல்லாமே மூன்றாவது வகை. பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மூடியது என்று ஒன்று வந்திருக்கிறது. அது பழைய பிரிண்டருக்கு நான் வைத்த வழி. பிரிண்டரில் அந்த வசதியை நிறுத்திய பிறகு வழியை எடுக்க மறந்துவிட்டேன். எதிரே சேவையின் பெயர் என்று ஏதேதோ போட்டிருப்பதை நம்பாதே. எண்ணைப் பார்த்து ஸ்கேன் செய்கிற ஊகம் அது. தெருவின் பெயரைப் பார்த்து உள்ளே குடியிருப்பவர் ஜாதகத்தைச் சொல்வதுபோல.

திறந்திருக்கும் ஒன்றில் ஆபத்து இல்லை. அது அப்படியே இருக்கட்டும். டெக்னீஷியன் மறுபடி வந்தால் தொட வேண்டாம் என்று சொல்லிவிடு.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததே, சரி செய்தாயா?

வாண்டு அப்பா


பிப்ரவரி 21

வாண்டு அப்பாவுக்கு,

குழாய் சொட்டுகிறது. அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டுமா?

மூன்று விதமான பதிலை மிக நன்றாக விளக்கியிருந்தீர்கள். அந்த மூன்றாவது வகையோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது புரியாமல் போகுமா? தட்டினால் பதில் வராது. கதவா, சுவரா என்றே தெரியாது. சரி, அது இருக்கட்டும்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி, அதற்கு மட்டும் ஒரு வரி. எங்கே சொல் குறைகிறதோ அங்கேதான் விஷயத்தை மறைப்பீர்கள். எனக்குத் தெரியாததா?

பெட்டியின் அடியில் ஒட்டிவைத்த பாஸ்வேர்டைப் போட்டு நானே உள்ளே போனேன். எந்தக் கதவை யாருக்குத் திறப்பது என்ற விதிகள் ஒரு பக்கம். அதில் பிரிண்டர் இருந்தது. அதற்குக் கீழே, ஆங்கில எழுத்தில், "வாண்டூர்".

நம் மகள் வாண்டுவின் பெயரில் ஓர் ஊர்.

அந்த விதி எந்த மெஷினுக்குப் போகிறது என்று தேடி, சுவரோரமாக ஓடும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது அவள் அறைக்குள் போயிற்று. மேஜைக்கு அடியில், பழைய புத்தகப் பைக்குப் பின்னால், அந்தச் சின்னக் கறுப்பு டப்பா, குட்டிக் கம்ப்யூட்டர். தொட்டால் சூடாக இருந்தது. நான் அந்த அறையைப் பெருக்கித் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். குனிந்து பார்த்ததில்லை. எல்லாம் நின்றுபோன அறை என்று நினைத்திருந்தேன். அங்கே ஒன்று இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

யார் வந்தார்கள், போனார்கள் என்று பெட்டி குறித்துவைக்கும் லாக் பக்கத்தையும் பார்த்தேன். அந்த வழியாக இரண்டு முகவரிகள் உள்ளே வருகின்றன. ஒன்று சாயங்காலங்களில் வந்து நெடுநேரம் இருக்கிறது. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும். அந்த இரண்டாவது முகவரி எந்த ஊர் இணைப்பு என்று டெக்னீஷியனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீங்கள் இருக்கும் ஊரைச் சொன்னார்.

என் மகள் அறைக்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறீர்கள். பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த முதல் ஆள் யார்? மழுப்பாமல் எழுதுங்கள். இல்லையென்றால் வயரைப் பிடுங்கிவிடுவேன்.

வாண்டு அம்மா


பிப்ரவரி 27

வாண்டு அம்மாவுக்கு,

பிடுங்காதே. சொல்கிறேன்.

முதல் சிகிச்சை முடிந்து வாண்டுவை வீட்டுக்கு அனுப்பினார்களே, ஆறு மாதம் பள்ளிக்கூடம் கூடாது, கூட்டத்தில் போகக் கூடாது என்று. அப்போது அவள் கேட்டாள். "அப்பா, நான் வெளிய போகக் கூடாது, சரி. மத்தவங்க உள்ள வரலாம்ல?" கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை அந்த டப்பாவில் ஏற்றி, ஃபயர்வாலில் ஒரு வழி திறந்துவிட்டேன். ஊருக்கு வாண்டூர் என்று அவளே பெயர் வைத்தாள். பள்ளித் தோழிகள் அவரவர் வீட்டிலிருந்தே கொஞ்ச நாள் வந்தார்கள். பிறகு அவர்களுக்குப் பரீட்சை. கடைசிவரை வந்தது ஒருத்திதான்.

ஆமை. உனக்கு ஞாபகம் இருக்கும். வார்டில் பக்கத்துக் கட்டில், ஒல்லியாக, மருந்து ஏறும் கம்பியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடப்பாள். அந்தப் பெயர் வைத்தது நம் வாண்டுதான். அவளுக்குக் கோபமே வரவில்லை. "ஆமைதான் ரொம்ப நாள் இருக்கும், தெரியுமா?" என்றாள்.

வாண்டு போன மறுநாள், ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆமையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவகிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் சிகிச்சை பாதிதான் ஆகியிருக்கு. தெரிஞ்சா விட்ருவா சார்." நான் தலையாட்டினேன். அந்த மனிதரிடம் வேறு என்ன செய்ய முடியும், சொல்.

டப்பாவை நிறுத்தினால் ஆமைக்குத் தெரிந்துவிடும். நிறுத்தவில்லை. ஒருநாள் நானே உள்ளே போனபோது அவள் அங்கே இருந்தாள். "அங்கிள், வாண்டு எங்க?" "அத்தை வீட்டுக்குப் போயிருக்கா, அங்க இன்டர்நெட் சரியில்ல" என்று டைப் அடித்தேன். அப்புறம் ஞாயிறுதோறும் ஒரு பொய். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? உனக்குப் பொய் வராது. அந்தக் குழந்தையிடம் ஒரே வரியில் உண்மையைப் போட்டு உடைத்திருப்பாய்.

நான் ஓடிப்போனேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். உன் தங்கை சொன்னாள். அந்த வீட்டில் குளிக்கப் போவதென்றாலும் அவள் அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். உன்னால் முடிந்தது. உள்ளே போய்ப் பெருக்கவும் முடிந்தது. என்னால் முடியவில்லை. வெளியிலிருந்து, கம்பி வழியாக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் முடிந்தது.

வாண்டு அப்பா


மார்ச் 8

வாண்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். மூன்றாம் நாள் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

மானிட்டரைப் போட்டதும் விளையாட்டு தானாகவே திறந்துகொண்டது. எங்கே போவது, எதை அழுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரு தெரு, இரண்டு பக்கமும் வீடுகள். வானம்கூட இருந்தது. நான் முட்டுச் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தேன். அப்போது கீழே ஆமையின் எழுத்து ஓடியது.

"வந்துட்டியா!"

திரையில் என் உருவத்தின் தலைக்கு மேலே வாண்டு பெயர் இருந்திருக்கிறது. அந்த மெஷினிலிருந்து நுழைந்தால் அவள் பெயரில்தான் நுழைய முடியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் எழுதினீர்களே, எனக்குப் பொய் வராது என்று. அன்றைக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பேன். வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். "நான் வாண்டுவோட அம்மா."

பதில் வந்தது.

"தெரியும் ஆன்ட்டி. பேரைப் பாத்ததும் தட்டிட்டேன். அவ இப்படிச் சுவத்துல முட்டிக்க மாட்டா."

அடுத்த வரி வந்தது.

"மத்ததும் தெரியும் ஆன்ட்டி. அவ போன அன்னைக்கே தெரியும். நர்ஸ் அக்கா அவ கட்டில் விரிப்பை மாத்தும்போது என்னைப் பாக்கவே இல்ல."

"அப்புறம் ஏம்மா அங்கிள்கிட்ட அவ எங்க, எங்கன்னு கேட்டுட்டே இருந்தே?" என்று தட்டினேன்.

"எங்கப்பா என்கிட்ட சொல்லாம இருக்க அவ்ளோ கஷ்டப்பட்டாரு. சரி, தெரியாத மாதிரியே இருப்போம்னு இருந்தேன். அங்கிளும் நான் கேட்டாதான் பேசுவாரு. கேக்கலேன்னா அவ வீட்டு முன்னாடி சும்மா நிப்பாரு. பாக்கப் பாவமா இருக்கும். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பொய் நல்லா சொல்றோம்னு நெனச்சிட்டிருக்காரு."

சொல்லிவிட்டேன். எனக்குத்தான் எதையும் ஒளிக்க வராதே.

ஊரைச் சுற்றிக் காட்டினாள். நடக்கவும் கற்றுக்கொடுத்தாள். கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், எனக்கு எழுதவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பொம்மை, மேலே போர்டு: "அம்மா கடை. சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது." நான் கடையில் பேசுகிற மாதிரியே எழுதிவைத்திருக்கிறாள்.

நீங்கள் இதையெல்லாம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் போகட்டும்.

வாண்டு அம்மா


மார்ச் 14

வாண்டு அம்மாவுக்கு,

ஆமைக்குத் தெரியும் என்ற வரியை ஆபீஸ் படிக்கட்டில் நின்று படித்தேன். அதற்கப்புறம் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்காதே.

மன்னிக்க வேண்டாம். அது நியாயம்தான்.

இப்போது ஒரு வேலை இருக்கிறது, நீதான் செய்ய வேண்டும். வெளியிலிருந்து அந்தப் பெட்டியை இயக்க நான் வழி வைத்துக்கொள்ளவில்லை. வைக்கவும் கூடாது. டெக்னீஷியன் பயந்ததில் ஒரு நியாயம் உண்டு. வாண்டூர் கதவு இப்போது ஆமைக்கு மட்டும் திறந்திருக்கவில்லை, உலகத்தில் யார் தட்டினாலும் "யாரு?" என்று கேட்கிறது. அந்த நிரலும் பழசு, ஓட்டைகள் இருக்கும். அதனால் விதியைத் திருத்து. "எங்கிருந்து" என்ற கட்டத்தில் "எல்லா முகவரியும்" என்று இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஆமை வீட்டு முகவரி, என் அறை முகவரி, இரண்டை மட்டும் போடு. எண்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். மற்ற யாருக்கும் இனிமேல் அந்தக் கதவு சுவர்தான். ஆமையின் அப்பாவிடம் பேசினேன், அவர்கள் முகவரி மாறினால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பிரிண்டர் விதியை அழித்துவிடு.

திருத்தியபின் டெக்னீஷியனை மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல். அவர் இடத்திலிருந்து தட்டினால் எல்லாமே பதிலில்லை என்று வர வேண்டும்.

அதற்கப்புறம் லாக்கில் தெரியாத முகவரிகள் தட்டுவதும், பெட்டி அவற்றைக் கீழே போடுவதும் வரிசையாக வரும். அதைப் பார்த்துக் கலங்காதே. எங்கோ இருக்கும் மெஷின்கள் ஊரில் உள்ள எல்லா இணைப்பையும் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தெருவில் போகிறவன் எல்லா வீட்டு கேட்டையும் ஆட்டிக்கொண்டே போவதுபோல. நம் மேல் அவனுக்குத் தனியாக ஒரு பகையும் இல்லை, பாசமும் இல்லை. கவனிக்காதே.

சாயங்காலம் ஆமை வந்தால் கூட இரு.

வாண்டு அப்பா


ஏப்ரல் 19

வாண்டு அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி விதியைத் திருத்தி ஒரு மாதமாகிறது. டெக்னீஷியன் ஸ்கேன் பண்ணிவிட்டு, "இப்பதான் மேடம் வீடு மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கடையில் கூட வேலை செய்கிறவள், "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா, முகம் தெளிவா இருக்கே" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. மூன்றாவது வகை.

சாயங்காலங்களில் நானும் ஆமையும் ஊர் வேலை பார்த்தோம். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறாள். நான் கல் சுமந்து கொடுக்கிற ஆள். அவளுக்கு இங்க் பேனாவில் எழுதப் பிடிக்கும், பாகற்காய் பிடிக்காது, பெரியவளானால் கப்பலில் வேலை பார்க்க வேண்டும். இதெல்லாம் பாலம் கட்டும்போது சொன்னது.

ஆனால் இந்த மாதத் தொடக்கத்திலிருந்து அவள் வரவில்லை. செக்கப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள், களைப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாலம் பாதியில் நிற்கிறது. உங்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்து சேதி உண்டா?

இன்னொன்று. உங்கள் பாடத்தை நினைவில் வைத்துத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். லாக்கில் தட்டுகிறவர்கள் பட்டியல் நீங்கள் சொன்ன மாதிரியே வருகிறது. ஆனால் அதில் ஒரு முகவரி கொஞ்சம் பிடிவாதமானது. மற்றவர்கள் பத்துப் பதினைந்து எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது அந்த வாண்டூர் எண்ணை மட்டும் தட்டுகிறது. சாயங்காலமானால் வருகிறது, நாலைந்து தடவை தட்டுகிறது, போய்விடுகிறது. மறுநாள் அதே முகவரி. பெட்டி எல்லாவற்றையும் கீழே போட்டுவிடுகிறது. பயமில்லை, ஆனாலும் இவன் யார் என்று தெரிந்துகொள்ளலாமே என்று முகவரி எண்ணைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

குழாயைப் பிளம்பர் வந்து மாற்றிவிட்டார்.

வாண்டு அம்மா


ஏப்ரல் 26

வாண்டு அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கடைக்குப் போன் போட்டபோது என் குரல் உனக்கு அடையாளம் தெரியவில்லை. "எந்த மருந்து வேணும், சீட்டு இருக்கா?" என்று கேட்டாய். எனக்கு ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. அதனால்தான் கத்தினேன். கோபம் இல்லை.

போனில் விளக்கம் சொல்ல நேரமில்லை, "உடனே வீட்டுக்குப் போ, அந்த எண்ணை விதியில் சேர்" என்று மட்டும் சொன்னேன். நீ ஏன், எதற்கு என்று கேட்காமல் கடையைப் பாதியில் விட்டுப் போனாய். அதை நான் மறக்க மாட்டேன்.

ஸ்கேன் பண்ணுகிறவன் எல்லாக் கதவையும் தட்டுவான். எது திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது, எது திறந்தாலும் அவனுக்குச் சரி. ஒரே கதவை மட்டும் ஒருத்தர் தட்டினால், அவருக்கு அந்த வீடு தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியும். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்த மறு நொடி எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி இணைப்பின் எண் அது. நாம் வாண்டுவோடு வார்டில் இருந்தபோது அதே எண்ணிலிருந்து நான் வாண்டூருக்குள் போனதுண்டு.

ஆமைக்கு நோய் திரும்பிவிட்டது. அவளை மறுபடி வார்டில் சேர்த்திருக்கிறார்கள். முகவரி மாறினால் சொல்லுங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அந்த மனிதருக்கு அதுவா ஞாபகத்தில் நிற்கும்? எனக்கு நின்றதா, நம் முறை வந்தபோது? ஏதாவது ஒரு வாரம் நானாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாலத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிற்கிறதே என்று நினைத்துவிட்டுப் போனேன்.

அன்று சாயங்காலம் அவள் உள்ளே வந்ததும் சொன்னதை நீயும் படித்தாய். "கதவைச் சாத்திட்டீங்களோன்னு நெனச்சேன். உண்மையெல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் எதுக்குன்னு." நீ பதில் தட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய்! "உனக்குன்னுதாம்மா தொறந்து வெச்சிருக்கோம்" என்று வந்தது. எழுத்துப் பிழைகளோடு வந்தது. அதைப் படித்துவிட்டு நான் இந்தப் பக்கம் என்ன ஆனேன் என்று எழுதத் தெரியவில்லை.

அவள் மெதுவாகத்தான் கல் வைக்கிறாள். கையில் ஊசி இருக்கும். அவசரப்படுத்தாதே.

வாண்டு அப்பா


மே 28

வாண்டு அப்பாவுக்கு,

ஆமை இன்று விடியற்காலையில் போய்விட்டாள். அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். உங்களுக்குச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லையாம், நீங்க சொல்லிடுங்க என்றார். எனக்கும் போனில் சொல்ல வரவில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடும்.

நேற்று முன்தினம்கூட வந்திருந்தாள். கொஞ்ச நேரம்தான். பாலத்தில் கைப்பிடிச் சுவர் மட்டும் பாக்கி. "ஆன்ட்டி, நீங்க வைங்க, நான் பாக்கறேன்" என்றாள். நான் வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. "பரவால்ல, ஆத்துக்குத் தெரியாது" என்றாள். அப்புறம் எழுத்து வரவில்லை. அவள் உருவம் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டே இருந்தது. தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நானும் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் யாராவது வந்து கம்ப்யூட்டரை அணைத்திருப்பார்கள், திடீரென்று உருவம் இல்லை.

வாண்டு போனபோது என்னால் அழ முடியவில்லை. நீங்கள்கூடக் கேட்டீர்கள், கல்லா நீ என்று. இன்றைக்கு மருந்துக் கடையில், யாரோ ஓர் அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது வந்தது. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "எவ்ளோ நேரம் வேணும்னாலும் அழுதுட்டுப் போம்மா" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவள் அப்பா போனில் கடைசியாக ஒன்று கேட்டார். "அங்க ஏதோ ஊரு கட்டினாளாமே. ராத்திரி பகலா அதையே பேசுவா. நான் ஒரு தடவைகூடப் பாக்கல. இன்னும் இருக்குங்களா?" இருக்கிறது என்றேன். கதவை மூடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், கேட்க வேண்டாம். அவர் பார்க்கும்வரை அது திறந்திருக்கட்டும். அவர்கள் வீட்டு முகவரியை விதியில் வைத்தேதான் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வாருங்கள். நான் ஸ்டேஷனில் நிற்பேன், அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போவோம். நம் வீட்டுக்கு வந்தவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் எதையாவது சொன்னார்கள், நமக்கு அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். அதனால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்த டம்ளர்கள் தொட்டியில் குவிந்து கிடக்கும். அதை நான் கழுவுகிறேன். நீங்கள் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

அவர் எப்போது கேட்கிறாரோ அப்போது வாண்டூருக்குள் கூட்டிப் போவோம். அவருக்கு அங்கே நடக்கத் தெரியாது, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஊரில் அவர் மகள் கட்டியது நிறைய இருக்கிறது, ஒரு நாளில் பார்த்து முடியாது. மாற்றுத் துணி கூடுதலாக எடுத்து வாருங்கள்.

வாண்டு அம்மா